பார்த்துவிட்டுச் சொன்ன ரைட்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சத்தியம் செய்கிறவர்கள்கூட ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிவிடும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு. ரைட். வழி கேட்டால் ரைட்டில் திரும்பச் சொல்கிறோம். போனை வைக்கும்போது "ரைட், அப்பறம் பேசலாம்" என்கிறோம். வீட்டுக்காரரோடு வாக்குவாதம் முற்றி, இனி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தால் "ரைட்டு, விடுங்க" என்று கௌரவமாக ஒதுங்கிக்கொள்கிறோம். பரீட்சைத் தாளில் டீச்சர் போடுவதும் ரைட்டுதான். என் மாமியாருக்கு வேறு இங்கிலீஷே வராது. குக்கர் விசிலை எண்ணி முடித்ததும் "ரைட்டு" என்று சொல்லித்தான் அடுப்பை அணைப்பார். இப்படி நாமெல்லாம் வாய்க்கு வந்தபடி இறைக்கும் வார்த்தையை, ஒவ்வொரு தடவையும் யோசித்துச் சொன்ன ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவர் கொல்லிமலைக்குப் போகும் எங்கள் பஸ்ஸின் கண்டக்டர்.

நான் அப்போது மலைமேல் திண்ணனூர் நாட்டில் கிராம செவிலியராக இருந்தேன்; நாலைந்து ஊர் சேர்ந்தால் அங்கே அதற்கு நாடு என்று பெயர். மலையில் எனக்கு நர்சம்மா என்று பெயர். வீடு அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கம். காலையில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் காரவள்ளியில் மலை ஆரம்பிக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் மாதம் முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, எனக்கு இந்த ஊரை ஒதுக்கியவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பிறகு பழகிவிட்டது. ஆறு வருஷம் அந்த பஸ்ஸில்தான் போய் வந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "இதெல்லாம் எதுக்குங்க அம்மணி" என்று கோபித்துக்கொள்ளும் ஜாதி.

ஆள் குள்ளம். காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தான் தொப்பையோடு தினமும் சண்டை போடும். அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி வைத்திருந்தார். அதனால் நகத்தில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். இத்தனை சின்ன உடம்பில் அந்தக் குரலை எங்கே வைத்திருந்தார் என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை. பின்வாசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்து "ரைட்" என்றால், மேல் வளைவில் மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

அது வண்டிக்கான ரைட். மனிதர்களுக்கு வேறு வைத்திருந்தார். வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவர் மாடு செத்துப்போன கதையைப் பத்து வளைவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். கடைசியில் மெதுவாக "ரைட்டுங்க" என்றார். ஆறுதல் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு தெம்பாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நம்பாத விஷயத்துக்கு இழுத்து ஒரு ரைட்டு வைத்திருந்தார். மீசை அரும்பிய மகனை "இன்னும் அரை டிக்கெட்டுதானுங்க" என்று சாதிக்கும் அம்மாக்களுக்கு அதுதான் கிடைக்கும். அந்த ஒரு இழுப்பிலேயே பாதிப் பேர் முழு டிக்கெட் வாங்கிவிடுவார்கள்.

கண்டக்டர் என்றால் விசில் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. சட்டைப் பையில் கயிறோடு பத்திரமாக இருந்தது. ஊதமாட்டார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முந்தைய வருஷம் பலாப்பழ சீசனில், ஒரு அம்மா பெரிய பழம் ஒன்றைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, தான் ஏறுவதற்காகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்திருக்கிறார். அருவி பார்க்க வந்த பையன்கள் பைக்கில் பின்னால் வந்து, பஸ் வழி விடட்டும் என்று இரண்டு தடவை விசில் அடித்திருக்கிறார்கள். இரண்டு விசில் என்றால் போகலாம் என்று அர்த்தமாயிற்றே. டிரைவர் எடுத்துவிட்டார். நல்லவேளை, அந்த அம்மா கீழே நின்றுவிட்டார். பழம் மட்டும் உருண்டு, இரண்டு வளைவு தாண்டிப் போய் உடைந்ததாம். அந்த அம்மா கண்டக்டரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே அவரும் டிரைவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "விசிலு யாரு வேணும்னாலும் அடிக்கலாமுங்க. இனி என்ற வாயில இருந்து ரைட்டு வந்தாத்தான் வண்டி நவுரோணும்." டிரைவர் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் பின்னால் பார்ப்பதையே விட்டுவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். இவர் சொன்னால் எடுப்பார். சொல்லாவிட்டால் மழையே பெய்தாலும் நிற்பார்.

அந்த வார்த்தையை வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது. அதில் மட்டும் மனுஷர் நெருப்பு. மேலே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் ஒருநாள் நேரமாகிவிட்ட அவசரத்தில் "ரைட் ரைட், போலாம்" என்றுவிட்டார். கண்டக்டர் கூட்டத்துக்குள் நுழைந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, பாத்தீங்களா?"

"என்னத்தப் பாக்கறது?"

"பின்னாடி யாராச்சும் வாராங்களான்னு."

"நான் எதுக்குப் பாக்கோணும்?"

"பாக்காம எப்புடீங்க ரைட்டுங்கறீங்க? பசங்க நோட்டுலயும் இப்புடித்தான் போடறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. வாத்தியார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் எதைப் பார்ப்பார் என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். திண்ணனூர் நாட்டில் வீடுகள் ரோட்டோரம் இருக்காது. ஒரு சரிவில் நாலு வீடு, ஓடை தாண்டி இரண்டு வீடு என்று சிதறிக் கிடக்கும். ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் இறங்கி வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். மாலை பஸ்ஸை விட்டால் அடுத்த நாள் காலைதான். அதனால் அவர் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கமாட்டார். மேலே பாதையைப் பார்ப்பார். காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஒரு கூடை அசைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "மொளகு மூட்டக்காரரு எறங்கிட்டிருக்காரு, ரெண்டு நிமிசமுங்க" என்பார். சமவெளியிலிருந்து வேலைக்கு வரும் எங்களுக்கு எரிச்சலாக வரும். நானே கேட்டிருக்கிறேன், ஊரில் இருக்கிற எல்லாரும் வந்து சேரும்வரை நிற்பீர்களா என்று. "எல்லாரும் வரமாட்டாங்க அம்மணி. வாரவிங்க மட்டுந்தான் வருவாங்க" என்றார்.

இந்த மனிதரிடம் நான் ஒரே ஒரு முறை பொய் சொன்னேன். கர்ப்பிணிகள் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, என் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக ரைட்டுப் போட வேண்டும். அன்றைக்கு நல்ல மழை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வீட்டுக்கு நான் போகவில்லை. போன வாரம் நன்றாகத்தானே இருந்தாள் என்று உட்கார்ந்த இடத்திலேயே ரைட்டுப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் அவர் பக்கத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஓடைக்கு அக்கட்டால போனீங்களா அம்மணி? அந்தப் புள்ளைக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்குதுன்னு அவிங்க ஊட்டுக்காரரு காலைல சொன்னாரு."

"போனேன். எல்லாம் ரைட்டு" என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்கல்ல, அப்ப ரைட்டு" என்று நிம்மதியாக அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நம்பிவிட்டார். இவர் யார் என்னை விசாரிக்க என்று முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போன பிறகு பதிவேட்டை எடுத்து அந்த ரைட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடுப்பளவு தண்ணீரில் ஓடையைத் தாண்டிப் போனேன். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெண் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பழைய ரைட்டை நான் அழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று போட்டேன். இந்த விஷயத்தை அவரிடம் நான் சொல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால்தானோ என்னவோ, அவர் குரல் கெட்டபோது அது சாதாரணக் கரகரப்பு இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஒரு மாதமாகவே கரகரப்பு. வெந்நீர், மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு என்று பஸ்ஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் மரியாதைக்காகக் குடித்தார். ஒருநாள் 'ரைட்' என்பதில் 'ட்' மட்டும்தான் கேட்டது. நான் சண்டை போட்டு சேலத்துக்குத் துரத்தினேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு வருவது மாதிரி, கத்திக் கத்தித் தொண்டைக்குள் காய்ப்பு வந்திருக்கிறது. முப்பது நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது, மீறினால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்.

குரல் பிறகு திரும்பி வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்களை அந்தரத்தில் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது. பழைய சத்தத்தில் பாதிதான் வந்தது, ஆனாலும் வந்தது. பிரச்சினை அதில்லை. அந்த முப்பது நாளைக்கு லீவு போட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். திரும்பி வரும்போது இந்த ரூட் கிடைக்காது. டிப்போவில் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள், இல்லையென்றால் வேறு ஊர் பஸ். என் நோட்டை வாங்கி, நகத்து மண் ஒட்ட ஒட்ட இப்படி எழுதினார்: "புதுசா வாரவரு நல்லவராத்தான் இருப்பாரு. ஆனா அவுருக்கு எந்தப் பாதையில யாரு எறங்கி வருவாங்கன்னு தெரியாதுங்க அம்மணி."

ஆகவே அவர் லீவு போடவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலைக்கு வந்தார். டிக்கெட் கொடுக்கக் குரல் தேவையில்லை. இறங்கும் இடம் நாங்களே சொல்வோம், அவர் மெஷினைத் தட்டுவார். ரைட்டுக்கு என்ன செய்வது? முதல் நாள் பின்வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். டிரைவருக்குத்தான் கண்ணாடி பார்க்கும் பழக்கம் போய்விட்டதே. வண்டி நகரவில்லை. யாரோ ஒருவர் பொறுக்க முடியாமல் "ரைட்டுங்க!" என்று குரல் கொடுத்தார். கண்டக்டர் முறைத்தார். ஆனால் வேறு வழி இல்லை.

இரண்டாம் நாள் நிலைமை கைமீறியது. இத்தனை வருஷம் தடை செய்யப்பட்டிருந்த வார்த்தை. சொல்ல அனுமதி கிடைத்ததும் ஆளாளுக்கு ஆசை. அதோடு அவர்மேல் இருந்த பாசம் வேறு. பாவம் மனுஷர் பேசமுடியாமல் இருக்கிறார், நாம் சொல்லிக் கொடுப்போம் என்று பஸ்ஸே தயாராக இருந்தது. சாயங்காலம் என் ஸ்டாப்பில் நான் ஏறியதும், அவர் வழக்கம்போலக் கீழே இறங்கி, நாலடி தள்ளிப் போய், மேலே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ "ரைட்" என்றார்கள். உடனே முன்னால் ஒரு ரைட், நடுவில் நாலு, கடைசி சீட்டில் ஒரு கும்பலே ரைட். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், நானும் சொன்னேன். இத்தனை பேர் சொன்னால் டிரைவர் என்ன செய்வார்? எடுத்துவிட்டார்.

மூன்று வளைவு இறங்கிய பிறகு, அப்போதுதான் ஏறியிருந்த ஒரு பெரியவர் டிக்கெட்டுக்குக் காசை நீட்டிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏனுங்க, கண்டக்டரு எங்கீங்க?"

கண்டக்டர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். தொப்பையில் டிக்கெட் மெஷின் குதிக்க, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி வாயை இறுக்க மூடிக்கொண்டு ஓடினார். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், வண்டி நின்றிருக்கும். போடவில்லை. பின்னால் ஜீப்பில் வந்த டூரிஸ்ட்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். ஏற்றுவதற்கு முன்னால் செல்போனில் நன்றாக வீடியோ எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் இல்லாமல் ஓடும் பஸ் என்று அது அன்று ராத்திரிக்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்கே காட்டிச் சிரித்தார்.

பஸ்ஸில் ஏறியதும் அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் வளைவைப் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டோம். என்னிடம் நோட்டை வாங்கினார். ஒரே ஒரு வார்த்தை எழுதினார். "பாத்தீங்களா?" அதை ஒவ்வொரு சீட்டாகக் கொண்டுபோய் நிதானமாகக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் படித்துச் சொன்னார். என்னிடம் வந்தபோது நான் அதைப் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்தது.

பிறகு அடுத்த பக்கத்தில் ஒரு சட்டம் எழுதி என்னை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். நான் படித்தேன்: "கடைசியா ஏறுறவிங்க மட்டும் சொல்லோணும். ரெண்டு காலும் உள்ள வெச்சப்பறம், பின்னாடி திரும்பி, பாதையப் பாத்துட்டுச் சொல்லோணும். வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது." பஸ் "சரீங்க" என்றது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாளே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. காலேஜ் போகிற பெண்ணோ, அன்னாசிப்பழம் விற்றுவிட்டு வருகிறவரோ, யாராக இருந்தாலும் சரி, கடைசியில் ஏறியவர் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ரைட் சொல்வார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். சிலருக்கு வெட்கத்தில் குரல் எழும்பாது. "சத்தமாச் சொல்லு கண்ணு, டிரைவருக்குக் கேக்கோணும்" என்று உள்ளே இருந்து ஊக்கம் வரும். சில பேர் கடைசியில் ஏறுவதற்காகவே மற்றவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள். அதற்கும் இவர் முறைத்தார்.

இப்படி நாலைந்து நாள் போனது. அதற்குள் அந்த வீடியோ டிப்போவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருநாள் காலை காரவள்ளியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் முதல் ஆளாக ஏறினார். உயரமான ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் அட்டை. கண்டக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டார். அவர் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி விஷயம் என்பதால் நான் கொஞ்சம் தைரியமாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு மாசத்துல சரியாயிரும் சார். இவர் மாதிரி ஆள் இந்த ரூட்டுக்குக் கிடைக்கமாட்டாங்க."

"நல்ல மனுசன்தாம்மா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பேச முடியாத கண்டக்டரை வெச்சு மலை வண்டி ஓட்ட முடியாது. அவசரத்துக்கு ஒரு ஓல்டான் சொல்லி வண்டிய நிறுத்தக் குரல் வேணாமா? இன்னிக்கு முழுக்கக் கூட இருந்து பாத்து எழுதிக் குடுக்கணும். நாளைக்கு வேற ஆள் வந்துருவாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் யாரோ ரைட் சொல்வதைக் கேட்டு அவர் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டே வந்தார். நான் என் ஸ்டாப்பில் இறங்கினேன். அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு குழந்தைக்கு எடை பார்த்துவிட்டு எழுத மறந்து, மறுபடி கூப்பிட்டு எடை பார்த்தேன்.

சாயங்காலம் பஸ் வந்தபோது இன்ஸ்பெக்டர் அதிலேயே இருந்தார். வெயிலிலும் வளைவிலும் முகம் வாடியிருந்தது. திண்ணனூர் நாட்டில் போன் டவர் கிடைக்கும் இடம் என் ஸ்டாப்பில் இருக்கும் ஒரு பாறைதான். பஸ் நின்றதும் அவர் இறங்கி அதன்மேல் ஏறிப் பேசினார். "ஆமாங்க சார், மாத்திறலாம். வேற ஆள் போட்டுருங்க" என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஏறினேன். என் பின்னால் இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். கண்டக்டர் மேலே பாதையைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். எல்லாருக்கும் கடைசியில், போனைப் பைக்குள் போட்டபடி, இன்ஸ்பெக்டர் ஏறினார்.

வண்டி நகரவில்லை.

அவர் படிக்கட்டிலேயே நின்று முன்னால் பார்த்தார். "ஏன் நிக்குது? போலாமே."

டிரைவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நீங்கதான் சொல்லோணுங்க சார்."

"நான் என்னத்தச் சொல்றது?"

"ரைட்டுங்க" என்றார் ஒரு பெரியவர்.

"அது கண்டக்டர் வேலைங்க!"

"இந்த வண்டீல கடசியா ஏறுனவிங்க வேலைங்க."

இன்ஸ்பெக்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. டிரைவர் வண்டியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. எழுந்து நின்றேன். "ரெண்டு காலும் உள்ள வெச்சுட்டு, பின்னாடி திரும்பி, பாதையப் பாத்துட்டுச் சொல்லணும் சார். பாக்காமச் சொன்னா அவர் எடுக்கமாட்டார்."

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் மெஷினின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். கெஞ்சவில்லை. நாளைக்கு இந்த பஸ்ஸில் தான் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, இந்தக் கூத்து முடிந்தால் சரி என்பது போல, உள்ளே ஒரு படி ஏறி, வெளியே திரும்பினார். சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

சீட்டில் இருந்த எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. படிக்கட்டில் நின்ற அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி போயிருக்கும். யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இருங்க, இருங்க. எடுத்தறாதீங்க. மேல ஒரு அம்மா வருது."

கண்டக்டர் சட்டென்று குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டு ஏறிய பிறகுதான் அந்தக் கூடை காப்பிச் செடிகளுக்கு வெளியே வந்திருக்க வேண்டும். அந்த அம்மா இறங்கி வர நல்ல நேரம் பிடித்தது. மூச்சு வாங்க, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் படிக்கட்டிலிருந்து இறங்கி, அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கூடையை இரண்டு கையாலும் வாங்கினார். "மெதுவா வாம்மா, மெதுவா. வண்டி போகாது" என்றார்.

முதலில் அவர் கூடையோடு ஏறினார். பிறகு அந்த அம்மா கம்பியைப் பிடித்து ஏறினார். இன்ஸ்பெக்டர் கூடையை மார்போடு அணைத்தபடி, விட்ட இடத்திலிருந்து சொல்ல மறுபடி வாயைத் திறந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்துக் கையைக் காட்டித் தடுத்தார். "நாந்தானுங்க கடசி" என்றார். இரண்டு காலையும் உள்ளே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திரும்பி, தான் இறங்கி வந்த பாதையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"ரைட்" என்றார்.

வண்டி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அட்டையில் என்ன எழுதினாரோ எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை வேறு கண்டக்டர் வரவில்லை.